நான்கு நாடு வேண்டாம் டீச்சர், கானா ஒன்றே போதும்

கேள்வி: நான் காரைக்குடி பக்கம் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியை. வயது 46. பூமத்திய ரேகையும் கிரீன்விச் தீர்க்கரேகையும் கினி வளைகுடாவில் சந்திக்கின்றன என்று இருபது வருடமாகப் போர்டில் வரைந்து காட்டியதோடு சரி, இந்த மே லீவில் தம்பியோடு அந்தக் கடற்கரைக்கே போய்விட்டு வரலாம் என்று ஆசை. கையில் 12 நாள். ஐவரி கோஸ்ட், கானா, டோகோ, பெனின் நான்கும் ஒரே கடற்கரைச் சாலையில்தான் இருக்கின்றன, நான்கையும் பார்த்துவிட முடியுமா? நான் சுத்த சைவம். தம்பி எதையும் சாப்பிடுவான். கானா என்றதும் "கானா பாட்டு ஊரா அக்கா?" என்று கேட்ட ஆள் அவன். "எபோலா வந்துடும்" என்று அம்மா அழுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம் டீச்சர். வரைபடத்தைப் பார்த்துப் போட்ட திட்டம் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அபிஜானில் ஆரம்பித்து அக்ரா, லோமே, கோட்டோனு என்று ஒரு கோடு போட்டால் ஒரு சாண் கூட வராது, உண்மைதான். ஆனால் உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்தக் கோட்டில் ஒவ்வொரு எல்லையிலும் ஒரு விசா வேண்டும். அந்த வட்டார நாடுகளின் குடிமக்கள் விசா இல்லாமல் போய் வருவார்கள், அந்தச் சலுகை நமக்குக் கிடையாது. கானாவுக்கு ஒருமுறை நுழையும் விசா வாங்கிக்கொண்டு, பக்கத்தில்தானே என்று டோகோவின் லோமேயை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் உள்ளே விட மாட்டார்கள். கானாவில் ஆங்கிலம், மற்ற மூன்று நாட்டிலும் பிரெஞ்சு. 12 நாளில் போக வர விமானத்துக்கே இரண்டு நாள் போய்விடும், மிச்சத்தில் எல்லைச் சாவடி வரிசைகளைத்தான் நன்றாகப் பார்ப்பீர்கள். கானா மட்டும் போங்கள். அதிலும் வடக்கே போகாமல் அக்ரா, கேப் கோஸ்ட், குமாசி என்று ஒரு முக்கோணம், அவ்வளவுதான்.

முதலில் அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். 2014இலிருந்து 2016 வரை எபோலா பரவியது முக்கியமாக கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில். அந்தக் காலத்தில் கானாவில் ஒருவருக்குக் கூட வரவில்லை. அம்மா கவலைப்பட வேண்டியது கொசுவைப் பற்றி. ஆப்பிரிக்கா போய்விட்டு வந்தேன் என்று மார்தட்டி, மாத்திரையைப் பாதியில் நிறுத்தி, ஊருக்கு வந்து மூன்றாவது வாரம் மலேரியாவில் படுத்தவர்களை என் வாடிக்கையாளர்களிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆகவே டிக்கெட், ஹோட்டல் எல்லாம் அப்புறம், ஊசியில் ஆரம்பியுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, அதாவது யெல்லோ ஃபீவர். இதைச் சொன்னதும் சொந்தக்காரர்கள் யாராவது "மஞ்சள் காமாலைக்கு நான் போன வருஷமே போட்டேனே" என்பார்கள். அது வேறு, இது வேறு. இந்த ஊசி தெருமுனை கிளினிக்கில் கிடைக்காது, அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள். சென்னையில் என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள் என்பதால் முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்துகொண்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். போட்டதும் ஒரு மஞ்சள் புத்தகம் தருவார்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அது செல்லும், அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்கச் செல்லும். அந்தப் புத்தகம் இல்லாமல் கானாவுக்குள் நுழைய முடியாது. அதைவிட முக்கியம், திரும்பி வரும்போது நம் நாட்டு விமான நிலையத்திலும் கேட்பார்கள், செல்லுபடியாகும் புத்தகம் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. முட்டை அலர்ஜி இருந்தாலோ, நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஏதாவது எடுத்தாலோ ஊசிக்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

என் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதல் தடவை அக்ராவில் இறங்கியபோது அந்த மஞ்சள் புத்தகத்தைப் பத்திரமாக, ரொம்பப் பத்திரமாக, பெட்டிக்குள் வைத்துப் பூட்டி செக்-இன் பண்ணிவிட்டேன். அங்கே சுகாதார மேசை இமிக்ரேஷனுக்கும் முன்னால் வருகிறது, பெட்டியோ அதற்கெல்லாம் அப்புறம். வெள்ளைக் கோட்டு போட்ட அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஓர் ஆளைக் கூட அனுப்பிப் பெட்டியை எடுத்து வரச் சொல்லி, புத்தகத்தைப் பார்த்ததும் "அக்வாபா" என்றார். வருக என்று அர்த்தம். எல்லோரும் வாசலில் கேட்கும் அந்த வார்த்தையை நான் முக்கால் மணி நேரம் வியர்த்த பிறகு கேட்டேன். புத்தகம் கைப்பையில், பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே இருக்கட்டும்.

உங்களைப் போன்ற பயணிகளுக்கு மலேரியா ஊசி கிடையாது, மாத்திரைதான். கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே ஒரு பொது மருத்துவரிடம் போய் மேற்கு ஆப்பிரிக்கா போகிறேன் என்று சொல்லுங்கள். குளோரோகுயின் அங்குள்ள மலேரியாவுக்கு எடுபடாது, அதை எழுதிக் கொடுத்தால் வேறு கேளுங்கள். அடோவாகுவோன்–ப்ரோகுவானில் கலந்த மாத்திரை என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பு ஆரம்பித்துத் தினமும் ஒன்று, திரும்பி வந்த பிறகும் ஏழு நாள். டாக்சிசைக்ளின் என்றால் வந்த பிறகு நான்கு வாரம், வெயில் பட்டால் தோல் சிவக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகளையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள். மலேரியாக் கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கிற ஜாதி, அதனால் ஆறு மணிக்கே முழுக்கை, டீட் (DEET) என்ற மருந்து 20 சதவீதத்துக்குக் குறையாத கொசு விரட்டி, வலை உள்ள அறை. ஊருக்கு வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அது வைரல் காய்ச்சலாகவே இருந்தாலும் "நான் கானா போயிருந்தேன், ரத்தம் எடுத்துப் பாருங்கள்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். நம் ஊர் டாக்டருக்கு அது தானாகத் தோன்றாது.

இனி மே மாதம். புவியியல் டீச்சருக்கு நான் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். தென் கானாவில் பெரிய மழை ஏப்ரலில் தலைகாட்டி மே கடைசியிலும் ஜூனிலும் கொட்டும். அக்ராவின் சாக்கடைகள் அந்தத் தண்ணீரைத் தாங்காது, சென்னைக்காரன் சொல்கிறேன். நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் வறண்ட காலம். ஆனால் டிசம்பரில் வெளிநாட்டிலிருக்கும் கானாக்காரர்கள் எல்லோரும் கொண்டாட ஊருக்கு வருவதால் அக்ராவில் ஹோட்டல் விலை எங்கேயோ போய்விடும், சகாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று புழுதியை வேறு கொண்டு வரும். உங்களுக்கு அரையாண்டு விடுமுறையும் போதாது. அதனால் பரீட்சை வேலை முடிந்ததும் ஏப்ரல் கடைசி வாரம் கிளம்பி மே முதல் வாரம் திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வெக்கை இருக்கும், இடையில் ஒன்றிரண்டு மழை வரும், சமாளிக்கலாம். இதில் ஒரு லாபமும் உண்டு. மே முதல் சனிக்கிழமை, அக்ராவுக்கும் கேப் கோஸ்ட்டுக்கும் நடுவில் உள்ள வின்னேபாவில் அபோக்யேர் திருவிழா. இரண்டு குழுக்கள் காட்டுக்குள் ஓடி, ஆயுதம் இல்லாமல் வெறுங்கையால் ஒரு மானை உயிரோடு பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் வருவார்கள், முதலில் கொண்டு வருகிறவர்கள் ஜெயித்தார்கள். நம் மஞ்சுவிரட்டுப் பக்கத்துக்காரரான உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

விசாவுக்கு டெல்லியில் உள்ள கானா தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். டிக்கெட் பதிவு, தங்கும் இடத்தின் பதிவு, மஞ்சள் புத்தகத்தின் நகல் எல்லாம் கேட்பார்கள். கட்டணமும் முறையும் அவ்வப்போது மாறும், அவர்களுடைய இணையதளத்தில் அன்றைக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. என்னைப் போன்ற ஆட்கள் போன வருடம் சொன்னதை நம்பாதீர்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை, அடிஸ் அபாபா அல்லது துபாய் வழியாகப் போகலாம். காத்திருக்கும் நேரம் மூன்று மணிக்குக் குறையாமல் எடுங்கள்.

பணம். ரூபாயைக் கொண்டுபோனால் மாற்ற முடியாது. அழுக்கும் மடிப்பும் இல்லாத புது நூறு டாலர் நோட்டுகளாகக் கொண்டு போங்கள், சின்ன நோட்டுக்கு ரேட் குறைத்துத் தருவார்கள். அங்குள்ள பணம் செடி. அது ஏறுவதும் இறங்குவதும் பங்குச்சந்தை மாதிரி. 2024 கடைசியில் ஒரு டாலருக்குச் சுமார் 15 செடி என்று இருந்தது, 2025 நடுவில் பத்துச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. அதனால் மொத்தத்தையும் முதல் நாளே மாற்றிவிடாமல் மூன்று நாளைக்கு ஒருமுறை ஃபாரெக்ஸ் கடையில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பெட்டிக்கடை வரைக்கும் அங்கே எல்லோரும் மோமோ என்று ஒன்றைச் சொல்வார்கள், தின்கிற மோமோ இல்லை, மொபைலில் பணம் அனுப்புவது. 12 நாளைக்கு உங்களுக்கு அது தேவைப்படாது.

சாப்பாடு. உங்களுக்குத்தான் இதில் கஷ்டம், மறைக்கவில்லை. இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் சந்தோஷமாக மீன் போட்டுத் தருவார்கள், மீனை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் அங்கே நிறைய. கறியும் வேண்டாம், மீனும் வேண்டாம், இறாலும் வேண்டாம் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஷிட்டோ என்று கறுப்பாக ஒரு காரத் தொக்கு எல்லாவற்றுக்கும் தொட்டுக்கொள்ள வைப்பார்கள், பார்த்தால் நம் புளிக்காய்ச்சல் மாதிரியே இருக்கும், கருவாட்டுப் பொடி இல்லாமல் அதைச் செய்வதில்லை. கீரைக் குழம்பு என்று ஆசைப்பட்டுக் கேட்டால் அதிலும் புகைபோட்ட மீன் கிடக்கும். சரி, என்னதான் சாப்பிடுவது? காலையில் தெருவோரம் ஒரு பெண் பெரிய பாத்திரத்தோடு உட்கார்ந்திருப்பார், ஹவுசா கோகோ என்று கேளுங்கள். கம்பைப் புளிக்கவைத்து, இஞ்சியும் மிளகாயும் கிராம்பும் போட்டுக் காய்ச்சிய கூழ், சர்க்கரை வேண்டுமா என்று கேட்டு ஊற்றுவார். கூடவே கோசே, காராமணியை அரைத்து எண்ணெயில் பொரித்த வடை. ஒரு கையில் கூழும் ஒரு கையில் வடையுமாக நின்ற அந்தக் காலையில் எனக்கு ஆடி மாத அம்மன் கோயில் வாசல்தான் ஞாபகம் வந்தது. மதியத்துக்கு ரெட் ரெட், செம்பனை எண்ணெயில் வெந்த காராமணியும் பழுத்த வாழைக்காய் வறுவலும், மீன் சேர்க்காமல் கேட்டால் கிடைக்கும். சாயங்காலம் சுட்ட வாழைக்காயும் வறுத்த நிலக்கடலையும், அதற்குத் தெருவில் செல்லப் பெயர் "கோஃபி புரோக்மேன்", காசில்லாதவன் சாப்பாடு என்று கிண்டல். இட்லிப் பொடியும் ஊறுகாயும் நீங்களே எடுத்துவைத்திருப்பீர்கள், நான் சொல்லவில்லை. தம்பி ஃபுஃபு சாப்பிடட்டும், மரவள்ளியையும் வாழையையும் இடித்த உருண்டை, சூப்பில் தொட்டு மெல்லாமல் விழுங்க வேண்டும். தண்ணீர் அங்கே அரை லிட்டர் பாக்கெட்டில் தெருவெல்லாம் விற்கும், நம் ஊர் வாட்டர் பாக்கெட்டேதான். முதல் சில நாளைக்குச் சீல் வைத்த பாட்டிலே போதும்.

வழியைப் பார்ப்போம். அக்ராவில் மூன்று நாள். ஒருநாள் காலை டெமா துறைமுக ஊருக்குப் போய் வாருங்கள், கிரீன்விச் ரேகை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. நீங்கள் போர்டில் வரைந்த அந்தச் சந்திப்புப் புள்ளி அங்கிருந்து தெற்கே கடலுக்குள் சுமார் 600 கிலோமீட்டர், அதைத் தம்பிக்குக் கையை நீட்டிக் காட்டலாம். நகரத்துக்குள் போக ஊபர், போல்ட் இரண்டும் உண்டு. ஆனால் ஒருமுறையாவது ட்ரோ-ட்ரோவில் ஏறுங்கள். பழைய வேன், கதவில் தொங்கிக்கொண்டு ஒரு பையன் "சர்க், சர்க், சர்க்" என்று கத்துவான், சர்க்கிள் என்கிற சந்திப்புக்குப் போகிறது என்று அர்த்தம். நிரம்பினால்தான் நகரும். பின் கண்ணாடியில் நம் ஆட்டோக்களைப் போலவே கடவுள், பொறாமைக்காரன், அம்மா பற்றியெல்லாம் ஏதாவது எழுதியிருக்கும்.

பிறகு கேப் கோஸ்ட், நான்கு நாள். அக்ராவிலிருந்து 150 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் கசோவா என்ற இடத்தில் நெரிசல் பிடித்துக்கொண்டால் அரை நாள் போய்விடும், விடியற்காலையில் கிளம்புங்கள். ககும் காட்டில் மரங்களுக்கு மேலே கட்டிய ஏழு கயிற்றுப் பாலங்கள் இருக்கின்றன, பள்ளிக் குழந்தைகளின் பஸ் வருவதற்கு முன் போனால் ஆட்டம் குறைவு. எல்மினாவில் போர்த்துக்கீசியர் 1482இல் கட்டிய கோட்டை. ஆனால் அடிமைகளை அடைத்துவைத்த கோட்டைகளில் ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்க்க முடியும் என்றால் கேப் கோஸ்ட் கோட்டையைத்தான் சொல்வேன். ஆண்களை அடைத்த நிலவறைக்குள் வழிகாட்டி உங்களை இறக்கிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்பார். வெளிச்சம் வருவதற்கு மேலே சின்னத் துளைதான். அந்த அறைக்கு நேர் மேலே வெள்ளைக்காரர்கள் ஜெபம் செய்த ஆலயம் இருந்தது. கடைசியில் கடலைப் பார்த்த ஒரு கதவு, "திரும்பாத வாசல்" என்று எழுதியிருக்கும், திறந்தால் கண் கூசும். வெளியே வண்ண வண்ணக் கொடி கட்டிய மரப் படகுகள், வலை பிரிக்கும் ஆண்கள், மீன் கூடையோடு பெண்கள், பந்து விளையாடும் பையன்கள். அந்தக் கதவில் நின்ற எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

டீச்சர் என்பதால் இதையும் சொல்கிறேன். அக்ராவின் ஓசுவில் உள்ள கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையை வைத்திருந்தது டென்மார்க்காரர்கள், நம் தரங்கம்பாடி டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டிய அதே டென்மார்க்காரர்கள். தரங்கம்பாடியை 1845இலும் அந்தக் கோட்டையை 1850இலும் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்க ஐரோப்பியர்கள் கொடுத்த சரக்குகளில் நம் சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணியும் ஒன்று. அந்த நிலவறையில் நிற்கும்போது நாம் வெறும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை.

அங்கிருந்து குமாசிக்குச் சாலை வழியே போகும்போது அசின் மான்சோவில் இறங்குங்கள். உள்நாட்டிலிருந்து நடத்தி வரப்பட்டவர்களைக் கடைசியாகக் குளிப்பாட்டிய ஆறு அது. குமாசியில் மூன்று நாள். கெஜெட்டியா சந்தை, அசாந்தி அரசரின் மான்ஹியா அரண்மனை, பக்கத்து ஊரான பொன்வைரேயில் கென்டே என்ற துணி நெய்யும் தறி. நான்கு விரற்கடை அகலப் பட்டைகளாக நெய்து அப்புறம் சேர்த்துத் தைக்கிறார்கள். திரும்ப அக்ராவுக்கு உள்நாட்டு விமானத்தில் முக்கால் மணி நேரம். பஸ்ஸில் வந்தால் பகலில் மட்டும் வாருங்கள், இரவில் ஊர்விட்டு ஊர் போகவே வேண்டாம்.

தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை. எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும் அந்தக் கடலில் இறங்கக் கூடாது, இழுப்பு மோசம். ராணுவ டிசைன் பச்சை பேன்ட் இருந்தால் வீட்டில் வைத்துவிட்டு வரட்டும், பொதுமக்கள் அதைப் போடத் தடை. விமான நிலையம், போலீஸ் சாவடி, அதிபர் மாளிகை எதையும் படம் எடுக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை கரையெல்லாம் படகு நிற்பதைப் பார்த்து வேலைநிறுத்தமா என்று கேட்காதீர்கள், அன்றைக்குக் கடலுக்கு ஓய்வு, மீன் பிடிக்கப் போவதில்லை என்பது அவர்கள் வழக்கம்.

பழகுவதில் உங்களுக்குச் சிரமமே இருக்காது. இடது கையால் எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது, அது நம் வீட்டிலேயே சொன்னதுதான். வழி கேட்பதற்கு முன்னால் வணக்கம் சொல்ல வேண்டும், நேராக "பஸ் எங்கே நிற்கும்" என்று ஆரம்பித்தால் முகம் சுருங்கும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் உங்களைப் பார்த்துவிட்டால் "யூ ஆர் இன்வைட்டட்" என்பார், அது நம்முடைய "வாங்க, சாப்பிடலாம்" தான். டிரைவர் "ஐயாம் கமிங்" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் நடப்பார். வெளிநாட்டுக்காரர்கள் குழம்பிப் போவார்கள், உங்களுக்குப் புரிந்துவிடும், போயிட்டு வரேன் என்கிறார். குழந்தைகள் "ஒப்ரோனி" என்று கூவினால் கோபப்படாதீர்கள், வெளியூர்க்காரர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இன்னொரு வேலை. இரண்டு பேர் ஜாதகத்தையும் எடுத்து, பிறந்த கிழமையைப் பார்த்து வையுங்கள். அக்கான் மக்கள் பிறந்த கிழமையை வைத்துப் பெயர் வைப்பார்கள், அறிமுகமான ஐந்தாவது நிமிடம் உங்களிடமும் கேட்பார்கள். தம்பி வெள்ளிக்கிழமை என்றால் கோஃபி, சனி என்றால் குவாமே. நீங்கள் வியாழன் என்றால் யா, சனி என்றால் அமா. அதற்கப்புறம் 12 நாளும் உங்கள் சொந்தப் பெயரை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.